தப்பைக் கண்டுபிடிக்கும் யந்திரம் காரணம் சொல்லுமா?

சிங்கப்பூர். 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ந் தேதி.

உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14-வது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. போட்டியில் அதுதான் கடைசி நீண்ட ஆட்டம். அதுவும் டிராவில் முடிந்தால், மறுநாள் வேக ஆட்டங்கள் ஆடி முடிவு செய்ய வேண்டும்.

மேஜையின் ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரென். நடப்பு உலக சாம்பியன். வயது 32. எதிரே சென்னை இளைஞர் குகேஷ். வயது 18. முடிந்த 13 ஆட்டங்களில் இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளிகள். யாரும் முந்தவில்லை.

உலகமெங்கும் ரசிகர்கள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் படத்துக்கு அருகில் ஒரு பட்டை நின்றது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வெள்ளைக்காரர் கை ஓங்கினால் வெள்ளை நிறம் ஏறும். கறுப்புக்காரர் கை ஓங்கினால் கறுப்பு ஏறும். அதை ஏற்றி இறக்குவது மனிதர் அல்ல, யந்திரம். செஸ் ஆடத் தெரிந்த கம்ப்யூட்டர் புரோகிராம். செஸ் ஆடுகிறவர்கள் அதை 'எஞ்சின்' என்பார்கள்.

அன்று அந்தப் பட்டை வெகு நேரம் நடுவிலேயே நின்றது. எஞ்சின் போட்ட மதிப்பு பூஜ்யம். அதாவது, ஆட்டம் சமம்.

55-வது நகர்த்தல். வெள்ளைக் காய் ஆடிய டிங், தம் யானையை நகர்த்தினார்.

பட்டை சடாரென்று சரிந்தது!

அடுத்த மூன்று நகர்த்தல்களில் எல்லாம் முடிந்தது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் கண்ணீர் விட்டார். உலக சாம்பியன் பட்டம் சென்னைக்கு வந்தது.

இரண்டு கேள்விக்குறி

ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் தன் அறிக்கையைத் தந்தது. 55-வது நகர்த்தலுக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள். செஸ் பாஷையில் அதற்குப் 'பெருந்தவறு' என்று அர்த்தம்.

அதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "உலக சாம்பியன் செய்கிற தப்பா இது?" என்றார்கள். செஸ் ஆடவே தெரியாதவர்கள்கூட அப்படிச் சொன்னார்கள். பட்டை சரிந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்களே!

தப்பு, தப்புதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தப்பு எப்படி வந்தது?

டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. பல மணி நேரம் விடாமல் தற்காத்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 'யானைக்கு யானை வெட்டுக் கொடுத்துவிடுவோம். காய்கள் குறையக் குறைய ஆட்டம் டிராவை நெருங்கும்' என்று நினைப்பது செஸ் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அன்று மட்டும் சரியாக இல்லை. யானைகள் போனதும் குகேஷ் தம் மந்திரியை எதிரி மந்திரிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். பிஷப் என்று சொல்கிறார்களே, அதைத்தான் நம் பக்கம் மந்திரி என்கிறோம். டிங்கின் மந்திரிக்கு ஓட இடமில்லை. மந்திரிகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அப்போது அந்த ஒரு சிப்பாய் அதிகம் என்பதே போதுமானதாகிவிட்டது.

இவ்வளவு கதையையும் யந்திரம் இரண்டு கேள்விக்குறியில் அடக்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதற்கு முன்பு வரை எஞ்சின் காட்டிய பூஜ்யம் உண்மையிலேயே சமம்தானா? யந்திரக் கணக்கில் சமம். இருவரும் யந்திரத்தைப் போல் பிசகாமல் ஆடினால் ஆட்டம் டிரா. மனிதக் கணக்கில் அப்படி இல்லை. ஒருவன் குறுகிய வரப்பின்மேல் நடக்கிறான். மற்றவன் அகலமான ரோட்டில் நடக்கிறான். இருவரும் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் சேற்றில் விழப் போகிறவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று வரப்பில் நடந்தவர் டிங்.

இதை யந்திரத்துக்கு எப்படிப் புரியவைப்பது? ஆடி முடித்த ஆட்டத்தை மனிதனுக்குப் பயன்படும்படி அலசிச் சொல்ல அதற்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? பல நாட்டு நிபுணர்கள் பல வருஷங்களாக இந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

காகிதத்தில் ஓடிய யந்திரம்

முதலில், யந்திரம் எப்படி மதிப்புப் போடுகிறது என்று பார்ப்போம்.

1950-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷானன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் செஸ் ஆட இரண்டு வேலை செய்தால் போதும் என்று அதில் வழி காட்டினார். ஒன்று, 'நான் இப்படிப் போனால் அவன் எப்படி வருவான், பிறகு நான் எப்படிப் போவேன்' என்று முன்கூட்டிப் பார்ப்பது. மற்றொன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் காய்களை எண்ணி மதிப்புப் போடுவது. ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் தலா 3, சிப்பாய்க்கு 1.

1952-ல் இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆலன் டூரிங் என்ற கணித மேதை, செஸ் ஆடுவதற்கான விதிகளை எழுதி வைத்திருந்தார். அவற்றை ஓட்டக்கூடிய கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. ஆகவே அவரே யந்திரமானார்! காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, தம் விதிகளின்படி கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். ஒரு நகர்த்தலுக்குச் சுமார் அரை மணி நேரம் ஆயிற்று. எதிரே ஆடியவர் அலிக் கிளென்னி. 29-வது நகர்த்தலில் 'காகித யந்திரம்' தோற்றது.

இன்றைய எஞ்சினும் அடிப்படையில் அந்த இரண்டு வேலைகளைத்தான் செய்கிறது. ஒரு ரூபாய்க்கு நூறு பைசா என்பதுபோல, ஒரு சிப்பாயை நூறு பங்காக்கி மதிப்புச் சொல்கிறது. நீங்கள் ஆடி முடித்த ஆட்டத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு இடத்திலும் தனக்குத் தெரிந்த சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்கிறது. நீங்கள் ஆடியதை அதோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம்தான் உங்கள் நஷ்டம். சின்ன நஷ்டத்துக்கு ஒரு குறி. பெரிய நஷ்டத்துக்கு இரண்டு கேள்விக்குறி.

கணக்கு சுலபமாகத் தோன்றுகிறது, இல்லையா? அதில் குழிகள் பல.

அடிவானத்துக்கு அப்பால்

ஒரு நிலையில் சுமார் 30 விதமாகக் காய் நகர்த்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்று, நீ ஒன்று ஆடினால் 900 வழிகள். இன்னொரு முறை ஆடினால் 8 லட்சத்து 10 ஆயிரம். மூன்றாவது முறை 72 கோடியே 90 லட்சம்! எவ்வளவு பெரிய யந்திரமானாலும் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்?

நின்ற இடத்துக்கு அப்பால் இருப்பது அதற்குத் தெரியாது. கடற்கரையில் நிற்பவனுக்கு அடிவானத்துக்கு அப்பால் உள்ள கப்பல் தெரியாததுபோல. ஹான்ஸ் பெர்லினர் என்ற அமெரிக்க நிபுணர் இதற்கு 'அடிவானக் கோளாறு' என்று பெயரிட்டார். அவர் தபால் மூலம் ஆடும் செஸ்ஸில் உலக சாம்பியனாக இருந்தவர்.

ஆடி முடித்த ஆட்டத்தை அலசும்போது இந்தக் கோளாறு ஒரு அநியாயம் செய்யும். உண்மையான தப்பு 20-வது நகர்த்தலில் நடந்திருக்கும். அதன் பலன் வெகு தூரத்தில் இருப்பதால் எஞ்சினுக்குத் தெரியாது. 26-வது நகர்த்தலில்தான் ஆபத்து அதன் கண்ணில் படும். உடனே 26-க்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிடும். திருடன் தப்பி ஓட, வழியில் போனவன் மாட்டிக்கொண்ட கதைதான்!

இதற்கு ஒரு எளிய வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்காமல், கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது. ஜெர்மனியில் 1990-களில் புகழ்பெற்ற 'ஃபிரிட்ஸ்' புரோகிராம் அப்படித்தான் அலசியது. கடைசி நிலையில் கண்டதை யந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு படி பின்னால் வரும்போது அந்த நினைவு உதவும். 26-ல் தெரிந்த ஆபத்தைக் கையில் வைத்துக்கொண்டு 25, 24, 23 என்று போகும். தோடு தொலைந்தது தெரிந்ததும் பாட்டி வந்த வழியே திரும்பிப் போய்த் தேடுகிறாளே, அதே முறை. தோடு விழுந்த இடம் அகப்பட்டுவிடும்.

யந்திரத்தின் பார்வைக்கு எல்லை உண்டு என்பதை மறந்ததால் ஒரு மகா வீரர் பட்ட பாடு செஸ் சரித்திரத்தில் இருக்கிறது.

1997-ம் ஆண்டு மே மாதம். நியூயார்க் நகரம். உலக சாம்பியன் காஸ்பரோவும், ஐ.பி.எம். கம்பெனியின் 'டீப் புளூ' யந்திரமும் மோதினர். அந்த யந்திரம் விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும். இரண்டாவது ஆட்டத்தில் யந்திரம் 45-வது நகர்த்தலைச் செய்ததும், காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அவருடைய உதவியாளர் ஒரு செய்தி சொன்னார். அந்த நிலையில் ராணியை உள்ளே நுழைத்து, திரும்பத் திரும்ப 'செக்' வைத்து டிரா செய்திருக்கலாம்! காஸ்பரோவ் தெருவிலேயே திகைத்து நின்றார். அப்படி ஒரு வழி இருந்தால் யந்திரம் அதற்கு இடம் கொடுத்திருக்காது என்று நம்பிவிட்டார். யந்திரமோ அதைப் பார்க்கவே இல்லை. அது அடிவானத்துக்கு அப்பால் இருந்தது.

அந்தப் போட்டியில் யந்திரம் மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்தது. எழுந்து போன அந்த ஆட்டத்தில் ஓர் அரைப் புள்ளி கிடைத்திருந்தால்? காஸ்பரோவை வெகு காலம் வாட்டிய கேள்வி இது.

ஏழைக்கு நூறு ரூபாய், பணக்காரனுக்கு நூறு ரூபாய்

யந்திரங்களின் பார்வை வருஷத்துக்கு வருஷம் நீண்டது. இன்று உலகில் பிரபலமான எஞ்சின் 'ஸ்டாக்ஃபிஷ்'. 2008-ல் வெளிவந்தது. நார்வே, இத்தாலி, பின்லாந்து நாடுகளைச் சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து உருவாக்கினார்கள். யாரும் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கருவாடு! நார்வேயில் காயவைத்து, இத்தாலியில் சமைக்கிற கருவாடு. அந்த இரண்டு நாட்டுக்காரர்களின் கூட்டு முயற்சி என்பதால் வேடிக்கையாக வைத்த பெயர். இன்று எந்த உலக சாம்பியனாலும் இந்தக் 'கருவாட்டை' ஜெயிக்க முடியாது.

பார்வை நீண்டும் ஒரு குறை தீரவில்லை. ஒருவர் எதிரியைவிட ஒரு ராணியும் ஒரு யானையும் அதிகம் வைத்திருக்கிறார். அவசரத்தில் யானையை இழக்கிறார். பழைய எஞ்சின் உடனே இரண்டு கேள்விக்குறி போடும். 500 பங்கு நஷ்டம் அல்லவா? ஆனால் ராணி அதிகமாக இருக்கும்போது அவர் எப்படியும் ஜெயிப்பார். நூறு ரூபாய் தொலைந்தால் கூலிக்காரன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பணக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டையும் ஒரே நஷ்டமாக எழுதுகிற கணக்குப்பிள்ளையை என்னவென்று சொல்வது?

ஆகவே கணக்கை மாற்றினார்கள். சிப்பாய்க் கணக்குக்குப் பதில் வெற்றி வாய்ப்புக் கணக்கு. 'இந்த மதிப்புள்ள நிலையிலிருந்து மனிதர்கள் ஆடியபோது நூற்றுக்கு எத்தனை பேர் ஜெயித்தார்கள்?' என்று ஏராளமான உண்மையான ஆட்டங்களிலிருந்து கணக்கெடுத்தார்கள். பிரான்சில் 2010-ல் தொடங்கிய 'லீசெஸ்' என்ற இலவச செஸ் தளம் இந்த முறையைப் பின்பற்றுகிறது. நூற்றுக்கு 95 வாய்ப்பு 93 ஆனால் அது பெரிய விஷயமல்ல. 60 வாய்ப்பு 20 ஆனால்தான் பெருந்தவறு.

ஸ்டாக்ஃபிஷ்ஷும் 2022 டிசம்பரில் தன் மதிப்பைத் திருத்திக்கொண்டது. அதன் கணக்கில் 'ஒன்று' என்றால், இப்போது ஜெயிக்கப் பாதி வாய்ப்பு உண்டு என்று பொருள். ஆனால் அது யந்திரமும் யந்திரமும் ஆடும்போது உள்ள வாய்ப்பு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருவர் ஆடும்போது உள்ள வாய்ப்பு அல்ல.

கபாபிளாங்காவுக்கு முதல் மார்க்

2006-ல் சுலோவேனியா நாட்டின் லூப்லியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாடெய் கித், இவான் பிராட்கோ என்ற இருவர் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். உலக சாம்பியன் பட்டத்துக்காக நடந்த பழைய ஆட்டங்களை 'கிராஃப்டி' என்ற எஞ்சினிடம் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு தப்புச் செய்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். மிகக் குறைந்த தப்புச் செய்தவராக வந்தவர், கியூபா நாட்டின் கபாபிளாங்கா. அவர் 1921 முதல் 1927 வரை சாம்பியனாக இருந்தவர்.

உடனே சண்டை கிளம்பியது! 'கிராஃப்டி எஞ்சினே அந்தச் சாம்பியன்கள் அளவுக்கு ஆடாதே. மாணவன் வாத்தியாருக்கு மார்க் போடலாமா?' என்றார்கள் சிலர். 'கபாபிளாங்கா சிக்கல் இல்லாமல் அமைதியாக ஆடுகிறவர். சமவெளியில் நடப்பவன் எப்படித் தடுக்கி விழுவான்? லாட்வியாவின் டால் போன்றவர்கள் வேண்டுமென்றே காட்டுக்குள் புகுந்து ஆடினார்களே!' என்றார்கள் வேறு சிலர்.

இரண்டாவது கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் யோசித்திருந்தார்கள். ஒரு நிலை எவ்வளவு கடினம் என்று அளக்க அவர்கள் கண்ட வழி அழகானது. எஞ்சின் கொஞ்ச தூரம் பார்த்து ஒரு நகர்த்தலைச் சிறந்தது என்கிறது. இன்னும் கொஞ்சம் பார்த்ததும், 'இல்லை, இல்லை, வேறொன்று' என்கிறது. மேலும் பார்த்ததும் மறுபடி மனதை மாற்றிக்கொள்கிறது. அப்படியானால் அது கஷ்டமான நிலை. முதலில் சொன்னதையே கடைசி வரை சொன்னால் அது சுலபமான நிலை.

கபாபிளாங்காவுக்கு முதல் மார்க் கிடைத்ததா இல்லையா என்பதைவிட இந்த அளவுகோல்தான் அந்த ஆராய்ச்சியின் பெரிய லாபம். யந்திரத்தின் தடுமாற்றத்தைக் கொண்டே மனிதனின் கஷ்டத்தை அளக்கலாம் அல்லவா? சிங்கப்பூரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் 'இந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்றுவது கஷ்டம்' என்று ஒரு குறிப்பும் இருந்திருந்தால், பார்த்தவர்கள் டிங்கை இவ்வளவு திட்டியிருக்க மாட்டார்கள்.

மனிதனைப் போல் தப்புச் செய்கிற யந்திரம்

2017 டிசம்பரில் லண்டனில் உள்ள 'டீப்மைண்ட்' கம்பெனி ஒரு அதிசயத்தை அறிவித்தது. 'ஆல்ஃபாஜீரோ' என்ற அதன் புரோகிராமுக்கு யாரும் செஸ் சொல்லிக் கொடுக்கவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார்கள். அது தன்னோடு தானே ஆடிக் கற்றது. நாலே மணி நேரத்தில் அன்றைய ஸ்டாக்ஃபிஷ்ஷை மிஞ்சியது! மூளை நரம்புகளின் பின்னலைப் பார்த்து உண்டாக்கிய கணக்கு முறை அது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் அந்த மாதிரி ஒரு சிறு பின்னலைச் சேர்த்துக்கொண்டது. ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு என்பவர் கண்டுபிடித்த முறை அது.

யந்திரங்கள் உயர உயர, மனிதனுக்கும் அவற்றுக்கும் இடைவெளி பெருகியது. மலை உச்சியில் நிற்பவனுக்கு, அடிவாரத்தில் இருப்பவன் எந்தக் கல்லில் இடறுவான் என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் 2020-ல் ஒரு புதிய யோசனை பிறந்தது. கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் 'மாயா' என்ற எஞ்சினை உருவாக்கினார்கள். அதன் நோக்கம் ஜெயிப்பது அல்ல. 'இந்த நிலையில் ஒரு மனிதன் எந்தக் காயை நகர்த்துவான்?' என்று சொல்வதே அதன் வேலை.

செஸ் ஆடுகிறவர்களுக்குத் திறமையைக் காட்டும் 'ரேட்டிங்' எண் உண்டு. 1100 முதல் 1900 வரை ஒன்பது படிகளாகப் பிரித்து, ஒன்பது மாயாக்களைத் தயாரித்தார்கள். ஒவ்வொன்றும் அந்தந்தப் படியில் உள்ளவர்கள் ஆடிய சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆட்டங்களைப் படித்தது. நிபுணர்களின் ஆட்டங்கள் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்களின் ஆட்டங்கள்! முடிவில், மனிதன் ஆடப்போகும் நகர்த்தலை அது பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னது. தப்பான நகர்த்தல்களையும்கூடத்தான்.

இதனால் என்ன பிரயோஜனம்? ஸ்டாக்ஃபிஷ் 'சரியான நகர்த்தல் இது' என்று சொல்லும். மாயா 'உன் படியில் உள்ளவர்கள் இங்கே இப்படித்தான் தப்புவார்கள்' என்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பையன் முதலில் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும். யந்திரம் மட்டுமே காணக்கூடிய 20 நகர்த்தல் தள்ளி உள்ள நுட்பத்துக்காக அவன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவன் படியில் உள்ளவன் கண்டிருக்கக்கூடிய ஒன்றை அவன் காணாமல் விட்டானே, அதுதான் அவனுக்குப் பாடம்.

ஏன் என்று கேட்டால்?

ஆனாலும் எந்த எஞ்சினும் 'ஏன்' என்ற கேள்விக்கு இன்னும் நேரான பதில் சொல்வதில்லை.

2014-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி. ருஷியாவின் சோச்சி நகரம். உலக சாம்பியன் நார்வேயின் கார்ல்சனும், நம் விசுவநாதன் ஆனந்தும் ஆடிய ஆறாவது ஆட்டம். 26-வது நகர்த்தலில் கார்ல்சன் தம் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழாகியிருக்கும். கார்ல்சன் அதை உடனே உணர்ந்தார். பதைபதைப்போடு உட்கார்ந்திருந்தார். ஆனந்தோ சிறிது நேரத்திலேயே ஓரத்துச் சிப்பாயை நகர்த்திவிட்டார். நகர்த்திய பிறகுதான் அவருக்கும் தெரிந்தது! அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார்.

எஞ்சின் இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு கேள்விக்குறி போட்டது. இரண்டும் ஒரே தப்பா? ஒருவர் ராஜா போகும் கட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மற்றவர் தம் திட்டத்திலேயே கவனமாக இருந்தார். எதிர்பாராமல் பரிசு வரும்போது சில சமயம் அதை எடுக்காமல் விட்டுவிடுகிறோம் என்று ஆனந்த் பிறகு சொன்னார். யந்திரத்தின் அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை.

பழைய 'ஃபிரிட்ஸ்' காலத்திலிருந்தே எஞ்சினைப் பேசவைக்க முயன்று வருகிறார்கள். முதலில் தயாராக எழுதி வைத்த வாக்கியங்களைச் சொல்லவைத்தார்கள். இப்போது மனிதரைப் போல் எழுதும் செயற்கை அறிவுப் புரோகிராம்கள் வந்திருக்கின்றன. அவை நன்றாகப் பேசுகின்றன. ஆனால் செஸ்ஸில் தடுமாறுகின்றன. பலகையில் இல்லாத காயை இருப்பதாகச் சொல்லிவிடும்! ஒருவனுக்கு விஷயம் தெரியும், பேச வராது. மற்றவனுக்குப் பேச வரும், விஷயம் தெரியாது. இருவரையும் சேர்த்து வைக்கும் வேலை நடந்து வருகிறது.

வேறொரு சிறிய மாற்றம் இதைவிட அதிகப் பலன் தந்திருக்கிறது என்று சொல்லலாம். லீசெஸ் தளத்தில், ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் விடையைக் காட்டாமல் மறைத்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. தப்புச் செய்த நிலையை மட்டும் காட்டி, 'இதைவிட நல்லதைக் கண்டுபிடி' என்று கேட்கும். பையன் யோசித்து ஆட வேண்டும். சரியானால் அடுத்த தப்புக்குப் போகும். நல்ல வாத்தியார் செய்வதும் அதுதானே?

ருஷியாவின் போட்வின்னிக் உலக சாம்பியனாக இருந்தவர். மின்சார எஞ்சினீயர். செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்யவும் பல வருஷம் பாடுபட்டார். அவரே தம் மாணவர்களிடம், சொந்த ஆட்டங்களுக்குச் சொந்தமாகக் குறிப்பு எழுதி, அதைப் பிறர் குற்றம் காணும்படி பிரசுரிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மாணவர்களில் ஒருவர் காஸ்பரோவ்.

குகேஷின் கதையும் கேட்கத் தகுந்தது. சென்னையில் அவருக்குப் பயிற்சி அளித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, பையன் எஞ்சினைத் தொடாமல் வளரட்டும் என்று முடிவு செய்தார். அவருடைய ரேட்டிங் 2500 அளவை எட்டும்வரை அப்படியே நடந்தது. எல்லாப் பையன்களும் எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்த காலம் அது. 'பட்டை எவ்வளவு காட்டுகிறது?' என்று கேட்பதற்குப் பதில், குகேஷ் ஒவ்வொரு நிலையையும் தாமே உட்கார்ந்து கணக்கிட்டார். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அதே குகேஷ்தான் சிங்கப்பூரில் டிங்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டிங் யானையை நகர்த்தியபோது உலகத்துக்கே பட்டை சரிந்தது தெரிந்தது. மேஜையில் இருந்த இருவருக்கும் தெரியாது. குகேஷ் தம் யானையை வேறொரு கட்டத்துக்குக் கொண்டுபோக இருந்தார். பிறகுதான் எதிரியின் மந்திரி மாட்டிக்கொள்ளும் என்று கண்டார். தண்ணீர் குடித்தார். நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். மறுபடி கணக்கிட்டார்.

டிங்குக்கு அப்போதும் தெரியவில்லை. எதிரே இருந்த பையனின் முகத்தில் சந்தோஷம் பொங்குவதைப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் தாம் தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்தது என்று அவர் பிறகு பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.